ஆங்கிலக் கடிதத்தில் சின்னச் சொல்லைப் பாருங்கள்

1994ஆம் ஆண்டில் வெளிமாநில வியாபாரி ஒருவருக்கு நாங்கள் மூன்று லோடு மிளகாய் வத்தல் அனுப்பியிருந்தோம். அந்தக் கணக்கில் ரூ. 84,600 பாக்கி நின்றது. நான்கைந்து கடிதம் போட்டோம், எஸ்.டி.டி. பூத்தில் நின்று பேசியும் பார்த்தோம். பணம் வரவில்லை. பிறகு ஒரு நாள் பதிவுத் தபாலில் ரூ. 61,000க்கு ஒரு செக் வந்தது. கூடவே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு கடிதமும் அதன் நகலும் இருந்தன. நகலில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பும்படி கேட்டிருந்தார்கள்.

கல்லாவில் எங்கள் தந்தையார் இருந்தார். "என்னப்பா எழுதியிருக்கான்?" என்று கேட்டார். எங்களுக்குப் பள்ளிப் படிப்புதான். 'செக்', 'செட்டில்மென்ட்', 'அக்கவுண்ட்' ஆகிய சொற்கள் தெரிந்தன. அதை வைத்துக்கொண்டு, "கணக்குக்குப் பணம் அனுப்பியிருக்காங்கப்பா, மீதி பின்னால வரும்போல" என்று சொல்லிவிட்டோம். கணக்குப்பிள்ளையும் தலையாட்டினார். நகலில் கடை முத்திரையைக் குத்தி, கையெழுத்துப் போட்டு, அன்றைய தபாலிலேயே அனுப்பியாயிற்று.

மீதி ரூ. 23,600 வரவே இல்லை. மூன்று மாதம் பொறுத்து வக்கீலிடம் போனோம். அவர் கடிதத்தை ஒரு முறைதான் படித்தார். 'இன் ஃபுல் அண்டு ஃபைனல் செட்டில்மென்ட் ஆஃப் யுவர் அக்கவுண்ட்' என்று அதில் இருந்தது. அதாவது, உங்கள் கணக்கு முழுவதையும் முடிவாகத் தீர்ப்பதற்காக இந்தத் தொகை. அதே இடத்தில் 'டுவர்ட்ஸ் யுவர் அக்கவுண்ட்' என்று இருந்திருந்தால், கணக்கில் ஒரு பகுதிக்காக என்றாகியிருக்கும். மீதி நமக்கு நின்றிருக்கும்.

வக்கீல் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எடுத்து 63ஆவது பிரிவைக் காட்டினார். அதில் ஓர் உதாரணமே உண்டு. ஒருவர் 5,000 ரூபாய் தரவேண்டியவர். 2,000 ரூபாய் கொடுக்கிறார். வாங்குகிறவர் கடன் முழுவதுக்குமாக அதை ஏற்றுக்கொள்கிறார். கடன் முழுவதும் தீர்ந்தது. எங்கள் கையெழுத்து அப்படி ஏற்றுக்கொண்டதற்குச் சாட்சியாகிவிட்டது.

கடைக்குத் திரும்பி வந்து தந்தையாரிடம் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. "ரெண்டு வார்த்தை படிக்க இருபத்து மூவாயிரத்து அறுநூறு ரூபாய் ஃபீஸ் கட்டியிருக்கே. மறந்துடாதே" என்றார். அந்த இரண்டு வார்த்தை 'இன் ஃபுல்'.

இத்தனை ஆண்டு கழித்து இதை நம் இதழில் எழுதக் காரணம் உண்டு. அண்மையில் நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் முகம் வாடி வந்தார். "ஜி.எஸ்.டி. நம்பரை ரத்து பண்ணிட்டாங்க அண்ணாச்சி. பத்து நாள் ஆச்சு. இனி என்ன பண்றதுன்னு தெரியல" என்றார். கைபேசியில் இருந்த கடிதத்தைக் காட்டச் சொன்னோம். அது ரத்து ஆணை இல்லை, ஆர்.இ.ஜி. 17 என்ற காரணம் கேட்கும் நோட்டீஸ். 'யுவர் ரெஜிஸ்ட்ரேஷன் இஸ் லயபிள் டு பி கேன்சல்டு' என்று எழுதியிருந்தது. பதிவு ரத்து செய்யப்படக்கூடிய நிலையில் இருக்கிறது என்று பொருள். 7 வேலை நாட்களுக்குள் பதில் கொடுத்தால் அவர்கள் பரிசீலிப்பார்கள். தம்பி கண்ணில் பட்டது 'கேன்சல்டு' மட்டும். ரத்தாகிவிட்டது என்று நினைத்துச் சும்மா இருந்ததில் பதில் போடவேண்டிய நாட்கள் கடந்துபோயின. பிறகு மெய்யாகவே ரத்து ஆணை வந்தது. அதை மீட்க ஆடிட்டர் வீட்டுக்கும் அலுவலகத்துக்குமாக அவர் அலைந்த அலைச்சல் நமக்குத் தெரியும்.

எங்களுக்கு நேர்ந்ததும் அவருக்கு நேர்ந்ததும் ஒன்றே. பெரிய சொல்லைப் படித்தோம். அதன் பக்கத்தில் நின்ற சின்னச் சொல்லை விட்டுவிட்டோம். இப்போது கைபேசியில் படம் பிடித்தால் கடிதத்தைத் தமிழில் காட்டுகிறது. நல்ல உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் நம் கையெழுத்து விழுவது ஆங்கிலத்தின் கீழேதான்.

நம் உருபும் அவர்கள் சொல்லும்

பள்ளியில் வேற்றுமை உருபு படித்திருப்போம். ஐ, ஆல், கு, இன், அது, கண். தமிழில் 'கடை' என்ற சொல்லின் வாலில் இவை ஒட்டிக்கொள்ளும்: கடைக்கு, கடையில், கடையால். ஆங்கிலத்தில் இந்த வேலையை 'டு', 'இன்', 'பை', 'ஃபார்', 'அட்', 'ஆன்' என்ற தனிச் சொற்கள், பெயருக்கு முன்னால் நின்று செய்கின்றன. தனியாக, சின்னதாக நிற்பதால் கண் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. தமிழில் உருபு சொல்லோடு ஒட்டியிருப்பதால் தாண்ட முடியாது. 'கடைக்கு' என்பதை 'கடை' என்று யாரும் படிப்பதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் உருபு ஒன்றுக்கு அவர்கள் சொல் ஒன்று என்ற கணக்கு இல்லை. நம் 'கு'வையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போனேன் என்றால் 'டு'. கடைக்கு வாங்கினேன் என்றால் 'ஃபார்'. ஐந்து மணிக்கு என்றால் 'அட்'. கிலோவுக்கு நூறு ரூபாய் என்றால் 'பெர்'. நாம் ஒன்றாகச் சொல்வதை அவர்கள் நான்காகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். எங்கே எது என்று இலக்கண விதியைக் கேட்டுப் பயனில்லை. எந்தச் சொல்லோடு எது சேர்ந்து வருகிறது என்று பழகிக்கொள்வதுதான் வழி.

வியாபாரத்தில் இது நேரே பணமாக மாறும் இடங்கள் பல. '50 பேக்ஸ் அட் ருபீஸ் 4,000' என்று ஒரு மில் விலை அனுப்பினால், மூட்டை 4,000 வீதம். மொத்தம் 2 லட்சம். '50 பேக்ஸ் ஃபார் ருபீஸ் 2 லாக்ஸ்' என்றால் அந்தத் தொகை மொத்தத்துக்கும் சேர்த்து. 'அட்' என்பது வீதம். 'ஃபார்' என்பது மொத்தம். ஆர்டர் எழுதும்போது இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டுப் பிறகு போனில் விளக்கிக்கொண்டிருக்கக் கூடாது.

கம்பெனிகள் அனுப்பும் ஸ்கீம் அறிவிப்பிலும் இப்படித்தான். ஒரு பெட்டிக்கு ரூ. 40 தள்ளுபடி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 'இன்கிரீஸ்டு பை ருபீஸ் 45' என்றால் நாற்பதோடு நாற்பத்தைந்து சேர்ந்து 85 ஆகிறது. 'இன்கிரீஸ்டு டு ருபீஸ் 45' என்றால் நாற்பது நாற்பத்தைந்தாகிறது, அவ்வளவுதான். 200 பெட்டி எடுப்பவருக்கு இந்த 'பை', 'டு' இரண்டுக்கும் இடையில் ரூ. 8,000 வித்தியாசம். 85 கழியும் என்று கணக்குப் போட்டு, அதை நம்பி விலையைக் குறைத்து விற்றுவிட்டால் நஷ்டம் நம்முடையதுதான். 'அப் டு 10 பர்சென்ட்' என்பதும் தெரிந்ததே. பத்து வரை என்று பொருள். இரண்டு சதவீதம் கொடுத்தாலும் அவர்கள் சொன்ன சொல் தவறவில்லை. விற்பனைப் பிரதிநிதி வாயால் பத்து என்பார். தாளில் 'அப் டு' நிற்கும்.

தேதியைச் சுற்றி நிற்கும் சொற்கள்

நம்மவர் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். ஆகவே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். 'பை ஃபிஃப்டீன்த்' என்றால் 15ஆம் தேதிக்குள். 'டில் ஃபிஃப்டீன்த்' என்றால் 15ஆம் தேதி வரை. தமிழில் 'உள்' என்பதும் 'வரை' என்பதும் வேறு வேறு என்று குழந்தைக்கும் தெரியும். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் கலந்துவிடுகிறோம். சரக்கை 15க்குள் அனுப்பவேண்டும் என்பது 'பை'. இந்த விலை 15 வரை நிற்கும் என்பது 'டில்'. அதுபோல 'இன் டென் டேஸ்' என்று ஒருவர் எழுதினால் பெரும்பாலும் பத்து நாள் கழிந்து என்றுதான் நினைக்கிறார். 'விதின் டென் டேஸ்' என்றால் பத்து நாளுக்குள் எந்த நாளும் ஆகலாம். பணம் எப்போது தருவீர்கள் என்று கேட்டு வாங்கும் கடிதத்தில் 'விதின்' இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

'ஃப்ரம்' என்ற சொல்லுக்கோ சட்டமே இருக்கிறது. 1897ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம், 9ஆவது பிரிவு. மத்தியச் சட்டங்களில் நாள் கணக்குச் சொல்லும்போது 'ஃப்ரம்' என்று போட்டால் முதல் நாள் கணக்கில் சேராது. 'டு' என்று போட்டால் கடைசி நாள் சேரும். இரண்டெழுத்து, நான்கெழுத்துச் சொல்லுக்காகப் பிரிட்டிஷார் காலத்திலேயே ஒரு தனிப் பிரிவு எழுதியிருக்கிறார்கள் என்றால் அதன் மதிப்பை எண்ணிப் பாருங்கள்.

செக் திரும்பி வந்த அனுபவம் நம்மில் இல்லாதவர் யார்? மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவு 1989ல் நடைமுறைக்கு வந்தது. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்தால் 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பவேண்டும். தொடக்கத்தில் இது 15 நாளாக இருந்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 30 ஆயிற்று. நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தரவில்லை என்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கவேண்டும்.

இதில் செக்கை வங்கியில் போடவேண்டிய காலத்தைச் சொல்லுமிடத்தில் 'ஃப்ரம்' என்று இருக்கிறது. நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாள், புகாருக்கு ஒரு மாதம் என்று சொல்லுமிடங்களில் 'ஆஃப்' என்று இருக்கிறது. சட்டம் வேண்டுமென்றே சொல்லை மாற்றியிருக்கிறது, ஆகவே 'ஆஃப்' வந்த இடத்தில் முதல் நாளையும் சேர்த்து எண்ணவேண்டும் என்று ஒரு வாதம் எழுந்தது. ஒரு நாள் கூடினால் புகார் செல்லும், குறைந்தால் தள்ளுபடி. 1999ல் உச்ச நீதிமன்றத்திலேயே இரண்டு தீர்ப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் நின்றன. கடைசியில் 2013ஆம் ஆண்டு மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, இந்த இடத்தில் 'ஆஃப்' என்பதற்கும் 'ஃப்ரம்' என்பதற்கும் வேறு பொருள் கொள்ளவேண்டியதில்லை, முதல் நாளை விட்டே எண்ணவேண்டும் என்று தீர்த்துவைத்தது.

ஆகவே ஏப்ரல் 5ஆம் தேதி வங்கித் தகவல் வந்தால், 6ஆம் தேதியை ஒன்று என்று வைத்து எண்ணினால் முப்பதாவது நாள் மே 5. கடைசி நாள் வரை போகவேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றமே ஒரு சின்னச் சொல்லுக்காக அமர்வு கூட்டியது என்றால், நம் குமாஸ்தா அதைப் படிக்காமல் விட்டதற்கு அவரை மட்டும் கோபித்துப் பயனில்லை.

வங்கித் தாளும் லாரி ரசீதும்

இந்தக் கூட்டுச் சொற்கள் நமக்கு முற்றிலும் புதியவை என்று சொல்லமுடியாது. பல ஆண்டுகளாகப் பழகியவை நிறைய. டிராஃப்ட் எடுக்கும்போது 'இன் ஃபேவர் ஆஃப்' என்றால் பெயர், 'பேயபிள் அட்' என்றால் ஊர், 'டிரான் ஆன்' என்றால் வங்கி. அகராதியைப் பார்த்தால் 'ஃபேவர்' என்பதற்குத் தயவு, சலுகை என்றிருக்கும். டிராஃப்டில் தயவும் இல்லை, சலுகையும் இல்லை. மூன்று சொல்லும் சேர்ந்து 'இன்னார் பெயருக்கு' என்றாகிறது.

லாரி ரசீதில் 'பெய்டு' என்றால் வாடகை கொடுத்தாயிற்று. 'டு பே' என்றால் சரக்கை எடுப்பவர் கொடுக்கவேண்டும். இதை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத நம் சுமைதூக்கும் தோழர்களும் 'டூபே சரக்கு' என்று சரியாகவே சொல்கிறார்கள். அதே தாளின் கீழே 'அட் ஓனர்ஸ் ரிஸ்க்' என்று பொடி எழுத்தில் இருக்கும். வழியில் நேரும் நஷ்டம் சரக்குச் சொந்தக்காரர் பொறுப்பு என்று லாரிக்காரர் சொல்லிக்கொள்ளும் சொல் அது. 'செட் டு கன்டெய்ன்' என்றால், மூட்டைக்குள் இன்னது இருப்பதாக அனுப்பியவர் சொன்னார், நான் பிரித்துப் பார்க்கவில்லை என்று பொருள். மூட்டை குறைந்தால் சண்டை போடலாம். மூட்டைக்குள் இருப்பது மாறியிருந்தால் லாரி ஆபீசில் சத்தம் போடுவது வீண்.

நம் சொந்தப் பில்லிலேயே இரண்டு உண்டு. 'சப்ஜெக்ட் டு மதுரை ஜூரிஸ்டிக்‌ஷன்' என்று அச்சடிக்கிறோம். 'சப்ஜெக்ட்' தனியாக நின்றால் பள்ளிப் பாடம். 'டு' சேர்ந்தால் 'உட்பட்டது'. 'ரேட்ஸ் சப்ஜெக்ட் டு சேஞ்ச்' என்றால் விலை மாறுதலுக்கு உட்பட்டது. அடுத்தது 'ஈ. அண்டு ஓ. ஈ.'. இதன் கடைசி எழுத்தை 'அக்செப்டட்' என்று நினைத்து, பிழைகளை ஏற்றுக்கொள்கிறோம் என்று பொருள் சொன்னவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அது 'எக்செப்டட்', பிழையும் விடுபட்டதும் நீங்கலாக என்று பொருள். கூட்டலில் தவறு இருந்தால் பின்னால் திருத்திக்கொள்வோம் என்பதற்காகப் போடுவது.

சில சேர்க்கைகள் சிரிப்பூட்டும். தேதி கடந்த செக்கை 'ஸ்டேல் செக்' என்கிறார்கள். 'ஸ்டேல்' என்றால் ஊசிப்போன, பழையதான என்று பொருள், ரொட்டிக்குச் சொல்வது. 2012 ஏப்ரல் முதல் செக் மூன்று மாதத்தில் ஊசிப்போகிறது. அதற்கு முன் ஆறு மாதம் தாங்கியது. வராத கடன் 'பேட் டெட்'. கையில் எண்ணும் ரொக்கம் 'ஹார்டு கேஷ்'. கெட்டியான டீ 'ஸ்ட்ராங் டீ'. 'பவர்ஃபுல்' என்பதற்கும் வலிமைதான் பொருள் என்றாலும் 'பவர்ஃபுல் டீ' என்று யாரும் சொல்வதில்லை. ஏன் என்று கேட்டால் இங்கிலாந்துக்காரருக்கும் பதில் தெரியாது. நாம் பலத்த மழை என்கிறோம், பலத்த வெயில் என்பதில்லை, கடும் வெயில்தான். அது போல.

கடையைக் கட்டுவது எப்படி?

வினைச்சொல்லோடு சின்னச் சொல் சேரும்போதுதான் பொருள் அடியோடு மாறுகிறது. 'பே' என்றால் பணம் கொடு. 'பே இன்' என்றால் வங்கியில் கட்டு. 'பே பேக்' என்றால் வாங்கியதைத் திருப்பிக் கொடு. 'பே ஆஃப்' என்றால் கடனை முழுக்கத் தீர். 'பே அப்' என்றால் இழுத்தடித்தவன் கடைசியில் வேறு வழியின்றிக் கொடுப்பது. 'பே அவுட்' என்றால் நம் பக்கத்திலிருந்து வெளியே போகும் பணம். வங்கி மேலாளர் 'பே ஆஃப்' என்று எழுதினால் தவணை கட்டினால் போதாது. கணக்கை முடிக்கச் சொல்கிறார்.

இது கடினமாகத் தோன்றினால் நம் தமிழை நினைத்துக்கொள்ளுங்கள். 'விற்றேன்' என்பது ஒன்று. 'விற்றுத் தீர்ந்தது', 'விற்றுத் தள்ளினான்', 'விற்று ஒழித்துவிட்டுப் போய்விட்டான்' என்பவை வேறு வேறு. சரக்கு எல்லாம் போய்விட்டால் தீர்ந்தது. அவர்கள் 'சோல்டு அவுட்' என்கிறார்கள். வந்த விலைக்குக் கழித்தால் தள்ளியது, 'செல் ஆஃப்'. கடை கண்ணியோடு எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போவது 'செல் அப்'. நாம் பின்னால் ஒரு வினையைச் சேர்க்கிறோம். அவர்கள் 'அவுட்', 'ஆஃப்', 'அப்' என்று சேர்க்கிறார்கள். தமிழ் கற்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் 'கடையைக் கட்டிவிட்டார்கள்' என்பதைக் கேட்டால், புதுக் கடை கட்டியதாகத்தானே நினைப்பார்? இரவு பத்து மணிக்குக் கதவைச் சாத்தியதை அவர் எந்த அகராதியில் தேடுவார்?

எங்கள் கடையில் முன்பு ஒரு குமாஸ்தா இருந்தார். பருப்பில் கல் இருந்ததாக வாடிக்கையாளர் ஒருவர் எழுதிய புகாருக்கு அவர் ஆங்கிலத்தில் பதில் எழுதினார். 'வி வில் லுக் இன்டு யுவர் கம்ப்ளெயின்ட்' என்று எழுதவேண்டியதை 'வி வில் லுக் ஆஃப்டர்' என்று எழுதிவிட்டார். விசாரிக்கிறோம் என்பதற்குப் பதிலாக, உங்கள் புகாரை நன்றாகப் பராமரித்து வளர்த்து வருகிறோம் என்றாயிற்று. நல்லவேளை, வாடிக்கையாளர் சிரித்துவிட்டுப் போனார்.

பெயரோடு எந்த வினை வரும் என்பதும் வழக்கம்தான். நாம் ஆர்டர் போடுகிறோம், பில் போடுகிறோம், செக் போடுகிறோம், கடிதமும் போடுகிறோம். எல்லாம் 'போடு'. அவர்கள் ஆர்டரை 'பிளேஸ்' செய்வார்கள், இன்வாய்ஸை 'ரைஸ்' செய்வார்கள், செக்கை 'டிரா' செய்வார்கள் அல்லது எழுதுவார்கள், பேமென்டை 'மேக்' செய்வார்கள், டெலிவரியை 'டேக்' செய்வார்கள். 'புட்' என்று எல்லாவற்றுக்கும் எழுதினாலும் எதிராளி புரிந்துகொள்வார். நஷ்டம் ஒன்றும் இல்லை. நாம் எழுதுவதில் உள்ள பிழை பெரும்பாலும் மன்னிக்கப்படும். நாம் படிப்பதில் உள்ள பிழைக்குத்தான் பணம் கட்டவேண்டியிருக்கிறது.

ஒரு வேடிக்கையான செய்தி. எந்தச் சொல் எதனோடு சேரும் என்று காட்டும் ஆங்கில அகராதி, ஆங்கிலேயருக்காக எழுதப்பட்டது அன்று. ஹெரால்டு பாமர், ஏ. எஸ். ஹார்ன்பி என்ற இரு ஆசிரியர்கள் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துவந்தார்கள். மாணவர்கள் சொல்லைத் தனித்தனியாகக் கற்றுச் சேர்க்கத் தெரியாமல் திண்டாடுவதைப் பார்த்து, சேர்ந்து வரும் சொற்களைத் திரட்டத் தொடங்கினார்கள். 1933ல் பாமர் அதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். ஹார்ன்பி தம் நண்பர்களோடு தயாரித்த அகராதி 1942ல் ஜப்பானில் வெளிவந்தது. 1948ல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் அதை எடுத்து வெளியிட்டது. இன்று மாணவர் கையில் உள்ள ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதி அதன் வழி வந்ததே. பேரப் பிள்ளைகள் படித்துவிட்டுப் போட்ட பழைய பிரதி ஒன்று எங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 'பே' என்ற சொல்லைப் பிரித்தால் அதன் வாலில் வரும் சின்னச் சொல் அத்தனையும் வரிசையாக இருக்கும்.

பாக்கெட்டில் உள்ள தேதி

சில்லறைக் கடைக்காரர்கள் இதையும் கவனிக்கவேண்டும். 'பெஸ்ட் பிஃபோர்' என்பது தரத்தைச் சொல்கிறது. அந்த நாளுக்கு முன் மணமும் ருசியும் நன்றாக இருக்கும் என்று. 'யூஸ் பை' என்பது பயன்படுத்தவேண்டிய கடைசி நாள். அது கடந்தால் விற்கக் கூடாது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகள், தயாரித்த அல்லது பொட்டலமிட்ட தேதியோடு 'எக்ஸ்பைரி' அல்லது 'யூஸ் பை' தேதியைக் கட்டாயமாக்கி, 'பெஸ்ட் பிஃபோர்' என்பதை விருப்பத்துக்கு விட்டன. ஒரே பாக்கெட்டில் இரண்டு தேதியும் இருந்தால், கடைப் பையன் முன்னால் உள்ளதைப் பார்த்து நல்ல சரக்கை ஒதுக்கிவிடலாம். அல்லது அதைவிட மோசமாக, ஒதுக்கவேண்டியதை அலமாரியில் விட்டுவிடலாம். 'பை', 'பிஃபோர்' இரண்டையும் அவனுக்குக் காட்டிக் கொடுங்கள். பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் கொடுத்துச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வான்.

எங்கள் கடையில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் எந்தக் கடிதம் வந்தாலும் கையெழுத்துக்கு வருவதற்கு முன், பணத் தொகைக்கும் தேதிக்கும் முன்னால் பின்னால் உள்ள சின்னச் சொற்களைச் சிவப்பு மையில் வட்டமிட வேண்டும். வட்டமிட்ட சொல்லுக்குத் தமிழ் ஓரத்தில் எழுதப்படவேண்டும். எழுதத் தெரியாவிட்டால் அன்று கையெழுத்து இல்லை. ஆடிட்டரையோ வக்கீலையோ கேட்டுவிட்டு மறுநாள்.

பாக்கிக்குக் குறைவான செக் 'இன் ஃபுல்' என்ற சொல்லோடு வந்தால் அதை உடனே வங்கியில் போடுவதில்லை. முதலில் வக்கீலைக் கேட்டு, பகுதித் தொகையாகத்தான் ஏற்கிறோம் என்று எழுத்து மூலம் தெரிவிக்கிறோம். இப்போது கணக்கு எழுதும் பெண் பி.காம். படித்தவர், வந்த புதிதில், "இதெல்லாம் எதுக்குங்கய்யா, எனக்குப் படிக்கத் தெரியுமே" என்றார். 1994ஆம் ஆண்டுக் கடிதத்தின் ஜெராக்ஸ் இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எடுத்துக் காட்டினோம். படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்ச் சிவப்புப் பேனா ஒன்று வாங்கி வந்தார்.

அவர் இவற்றை ஒரு நோட்டில் எழுதிவருகிறார். இதுவரை நூற்றுப் பத்துக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. உறுப்பினர்கள் தங்களுக்கு வந்த கடிதங்களில் பொருள் விளங்காமல் நின்ற சொற்சேர்க்கைகளை, பார்ட்டியின் பெயரை மறைத்துவிட்டு, சங்க அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினால் அதில் சேர்த்துக்கொள்வோம். நோட்டைப் பார்க்க விரும்புபவர்கள் மாலை நாலு மணிக்கு மேல், லோடு இறங்காத நாளாகப் பார்த்து, கடைக்கு வரலாம்.